வேலூர் லாங் பஜார் பக்கம் ஒரு பழைய பட டிவிடி கடை: பழைய நடிகர் நாகையாவுக்குன்னே தனி தட்டு வச்சிருக்காங்க

ஓடிடி காலத்துல டிவிடி கடைக்கு எதுக்கு ரிவ்யூன்னு கேப்பீங்க. கேளுங்க, பரவால்ல. ஆனா 1940கள்ல, 50கள்ல வந்த தமிழ்ப் படத்தை பாட்டு வெட்டாம, நடுவுல விளம்பரம் இல்லாம ஒரே மூச்சுல பாக்கணும்னு ஆசைப்படுற ஆளா இருந்தா கடைசி வரைக்கும் படிங்க, நம்ம ஊர்லயே அதுக்கு ஒரு இடம் இருக்கு, வேலூர்க்காரங்களுக்கே பாதி பேருக்குத் தெரியல.

கடை லாங் பஜாருக்குப் பின்னாடி ஒரு சந்துல, மாடியில இருக்கு. கீழ பாத்திரக் கடை, அதை ஒட்டினாப்ல ஒரு ஒடுக்கமான படி. போர்டு வெயில்ல வெளுத்துப் போய் எழுத்தே தெரியல, அதனால பாத்திரக் கடையில "மேல சிடி கடைக்குப் போகணும்"னு கேட்டாதான் வழி காட்டுவாங்க. வண்டியை சந்துக்குள்ள விடாதீங்க, காலையில லோடு இறக்குற ஆட்டோவெல்லாம் அங்கதான் நிக்கும், உள்ள போனா திருப்ப முடியாது. பழைய பஸ் ஸ்டாண்ட்ல இறங்கி நடந்துட்டா உத்தமம்.

கடைக்காரர் எழுபது தாண்டின பெரியவர். பூர்வீகம் சித்தூர் பக்கம், தமிழ் பேசிட்டே இருப்பாரு, திடீர்னு தெலுங்குல போயிடுவாரு, அப்புறம் திரும்ப "இன்னா தம்பி வேணும்"னு நம்ம ஊர் பாஷைக்கு வந்துடுவாரு. மகன் ஒருத்தர் சாயங்காலத்துல வந்து உக்காருவாரு, அவரும் நல்லா பேசுவாரு, ஆனா படத்தைப் பத்தி கேக்கணும்னா அப்பா இருக்குற நேரமாப் பாத்துப் போங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எல்லா கடையிலயும் எம்ஜிஆர் ஒரு பக்கம், சிவாஜி ஒரு பக்கம், ஜெமினி ஒரு பக்கம்னு அடுக்கியிருப்பாங்க. இங்க அதெல்லாம் வாசல் பக்கம் கொஞ்சம் இருக்கு, ஆனா உள்பக்கச் சுவர் முழுக்க குணச்சித்திர நடிகர்கள்தான். ரங்காராவுக்கு ஒரு தட்டு, பாலையாவுக்கு ஒரு தட்டு, எஸ்.வி.சுப்பையா, சகஸ்ரநாமம், கண்ணாம்பா எல்லாருக்கும் தனித்தனியா இடம். ஒவ்வொரு தட்டுலயும் படம் வந்த வருஷ வரிசைப்படி டிஸ்க். தட்டு மேல ஸ்கெட்ச் பேனாவுல பேரு எழுதி ஒட்டியிருக்காரு, தமிழ்ல ஒண்ணு தெலுங்குல ஒண்ணு. இந்த வேலையை யாரும் அவர்கிட்ட கேக்கல, இதனால வியாபாரம் கூடுதலா நடக்குதான்னு கேட்டா அதுவும் இல்ல, ஆனாலும் பண்ணி வச்சிருக்காரு பாருங்க, அதுக்காகவே நான் இந்தக் கடைக்கு அஞ்சு ஸ்டார் குடுக்குறேன்.

நான் போனது நாகையா தட்டுக்காக. சித்தூர் வி.நாகையா. ஆந்திராக்காரங்களுக்கு அவர் யாருன்னு சொல்லத் தேவையில்ல, நம்ம பக்கம்தான் மறந்துட்டோம். எங்க வீட்ல கேட்டா "யாரு, அந்த அழுவுற அப்பாவா"ன்னு சொல்லுவாங்க, ஏன்னா டிவில பாத்தது அவ்வளவுதான். மெட்ராஸ் தூர்தர்ஷன் ஆரம்பிச்சதே 1975 ஆகஸ்ட் 15ல, மனுஷன் 1973 டிசம்பர் 30ந்தேதியே போய்ச் சேந்துட்டாரு. அதாவது எங்க வீட்டு ஹால்ல அவர் முகம் வந்தப்பவே அவர் உயிரோட இல்ல. ஞாயித்துக்கிழமை சாயங்காலப் படத்துல வெள்ளைத் தாடியோட வருவாரு, ஹீரோவை வளக்குறவரா இருப்பாரு, கண்ணுல தண்ணி நிக்கும், அப்படியே ஓரமாப் போயிடுவாரு. அதுக்கு முன்னாடி ஒரு காலத்துல அவர்தான் படத்தோட ஹீரோங்கறது எங்களுக்கு எப்படித் தெரியும்?

அந்த வருஷ வரிசை இங்கதான் உதவுது. தட்டோட இடது ஓரத்துல இருந்து ஆரம்பிச்சு வலது ஓரம் வரைக்கும் போனீங்கன்னா ஒரு மனுஷனோட முப்பத்தஞ்சு வருஷத் தொழில் கண்ணு முன்னாடி நிக்கும். முதல்ல 1938ல கிருஹலட்சுமி, தெலுங்கு. அடுத்து 1939ல பி.என்.ரெட்டி எடுத்த வந்தே மாதரம், அப்புறம் பக்த போதனா, 1946ல தியாகய்யா, 1947ல யோகி வேமனா. இதுல எல்லா டிஸ்க்கும் கடையில இருக்குன்னு நினைச்சுடாதீங்க, சிலதுக்கு வெறும் அட்டைக் கவர் மட்டும் வச்சு உள்ள "கிடைக்கல, தேடறேன்"னு சீட்டு எழுதி வச்சிருக்காரு. வரிசை உடைஞ்சிடக் கூடாதாம். எனக்கு அந்த சீட்டைப் பாத்ததும் ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு, ஏன்னா இல்லாத படத்துக்கும் இடம் விட்டு வச்சிருக்குற கடையை நான் வேற எங்கயும் பாத்ததில்ல.

நாகையா பொறந்தது குண்டூர் பக்கம் ரேபல்லேயில, 1904ல. ஆனா பேர் வாங்கினது சித்தூர்ல, அங்க ராம விலாஸ சபாவுல நாடகம் போட்டுத்தான், அதனாலதான் பேருக்கு முன்னாடி சித்தூர். நம்மாளுங்களுக்கு ஒண்ணு சொல்றேன், அவருக்கு ஏழு வயசு ஆகுற வரைக்கும் சித்தூர் நம்ம வட ஆற்காடு ஜில்லாவுலதான் இருந்துச்சு, ஜில்லாவுக்குத் தலைநகரமே அதுதான். 1911ல சித்தூரைத் தனி ஜில்லாவாப் பிரிச்ச பிறகுதான் கலெக்டர் ஆபீஸ் வேலூருக்கு வந்துச்சு. காட்பாடியில பஸ் ஏறினா ஒரு மணி நேரத்துல சித்தூர். அவரை வெளியூர் ஆளுன்னு நினைக்குறது எனக்கு நியாயமாப் படல. கடைக்காரரும் இதையேதான் சொல்லுவாரு, "பார்டர் நேத்து வந்தது தம்பி, நாகையா அதுக்கு முன்னாடி"ன்னு.

சரி, டிஸ்க் எப்படி இருக்குன்னு சொல்றேன்.

முதல்ல வாங்கினது அசோக் குமார், 1941, ராஜா சந்திரசேகர் டைரக்‌ஷன். எல்லாரும் இதை எம்.கே.தியாகராஜ பாகவதர் படம்னு சொல்லுவாங்க, பாட்டுக்காகப் பாப்பாங்க. அதுல சக்கரவர்த்தி அசோகரா வர்றது நாகையா, பாகவதர் அவருக்கு மகன் குணாளன். நிஜத்துல ரெண்டு பேருக்கும் ஆறே வயசுதான் வித்தியாசம், பாகவதர் 1910, இவர் 1904. படம் பாக்கும்போது ஒரு செகண்ட் கூட அது தெரியாது. இளைய ராணியா கண்ணாம்பா, அந்தம்மா புருஷனோட மகன் குணாளன் மேலயே ஆசைப்பட்டு அது நடக்காமப் போனதும் பழி போட, இவர் அதை நம்பிடறாரு. அந்த இடத்துல இவர் கத்துறது இல்ல. அந்தக் காலத்துப் படத்துல ராஜான்னா சபையே அதிர்ற மாதிரி வசனம் பேசணும், அதுதான் வழக்கம், இவர் மட்டும் குரலை இறக்கி, தெலுங்கு வாடை அடிக்கிற தமிழ்ல, ஒவ்வொரு வார்த்தையா நிறுத்தி நிறுத்திப் பேசுறாரு. வயசான காலத்துல சின்னப் பொண்ணைக் கட்டிக்கிட்டவனோட கூச்சமும் சந்தேகமும் அந்த நிறுத்தத்துலயே தெரியுது. டிவிடி பிரிண்ட் சுமார்தான், சவுண்டு பின்னாடி இரைச்சல் இருக்கு, அங்கங்க ரீல் தாவுது, ஆனா முகம் தெளிவாத் தெரியுது. 1941 படத்துக்கு இது போதும்.

ஒரு டிப்ஸ், இதை கடைக்காரரே சொல்லிக் குடுத்தாரு. பழைய படம் எல்லாம் 4:3 அளவு. நம்ம எல்இடி டிவி அதை இழுத்து முழு ஸ்க்ரீனுக்குப் போட்டுடும், எல்லாரும் குண்டாத் தெரிவாங்க. ரிமோட்ல பிக்சர் சைஸ்க்குப் போய் 4:3ன்னு மாத்திடுங்க, ரெண்டு பக்கமும் கருப்பா இடம் வரும், வரட்டும். அதே மாதிரி விசிடியா டிவிடியான்னு பாத்து வாங்குங்க. விசிடின்னா 352க்கு 288 புள்ளிதான், பெரிய டிவில முகமெல்லாம் கட்டம் கட்டமா உடையும், ஒரு டிஸ்க்ல ஒண்ணேகால் மணி நேரம் மாதிரிதான் பிடிக்கும், அதனால படம் நடுவுல எந்திரிச்சு டிஸ்க் மாத்தணும். டிவிடின்னா 720க்கு 576, எவ்வளவோ தேவலாம். மோசர் பேர் கம்பெனி 2007 வாக்குல விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய்ன்னு விட்டாங்க ஞாபகம் இருக்கா, அந்த சரக்குல மிச்சம் கொஞ்சம் இங்க சீல் பிரிக்காமலே இருக்கு, ஆனா இப்ப விலை அதை விடக் கூடுதல், அது நியாயம்தான், இனிமே அது வராது.

இப்ப ஏழை படும் பாடு. இந்த ஒரு படத்துக்காகவே படி ஏறலாம். 1950, கோயமுத்தூர் பக்ஷிராஜா ஸ்டுடியோ படம், கே.ராம்நாத் டைரக்‌ஷன். விக்டர் ஹ்யூகோ எழுதுன பிரெஞ்சுக் கதைதான், பசிக்கு ரொட்டி திருடி ஜெயிலுக்குப் போனவன் வெளிய வந்து பெரிய மனுஷனாகுறான், ஆனா ஒரு போலீஸ் அதிகாரி விடாம துரத்திட்டே இருக்கான். அந்த போலீஸ் அதிகாரியா நடிச்ச சீதாராமனுக்கு அந்த வேஷத்தோட பேரே ஒட்டிக்கிட்டு சாகுற வரைக்கும் ஜாவர் சீதாராமன்னு ஆயிட்டாரு, அவ்வளவு பிரமாதம். ஆனா துரத்துறவன் பிரமாதமா இருக்கணும்னா ஓடுறவன் அதுக்கு ஈடு குடுக்கணும், அதைச் செஞ்சது நாகையா. பாதிரியார் வீட்ல வெள்ளிச் சாமானைத் திருடிட்டுப் போய் பிடிபட்டு வர்றான், பாதிரியார் அவனைக் காட்டிக் குடுக்காம இதெல்லாம் நான்தான் குடுத்தேன்னு சொல்றாரு. அந்த இடத்துல முகத்தைப் பாருங்க. வேற யாரா இருந்தாலும் உடனே கால்ல விழுந்து அழுதிருப்பாங்க. இவர் முதல்ல நம்பவே மாட்டாரு. இது ஏதோ சூழ்ச்சிங்கற மாதிரி ஒரு முழி, அடி வாங்கி வாங்கிப் பழகின நாய்க்கு யாராவது சோறு வச்சா முழிக்கும்ல அந்த முழி, அப்புறம்தான் மெதுவா முகம் இளகுது. நான் அதை ரிவைண்ட் பண்ணிப் பண்ணிப் பாத்தேன். ஜெயில்லயிருந்து வந்த தாடிக்காரனும் பிற்பாடு கோட்டு போட்டு வர்ற பெரிய மனுஷனும் ஒரே ஆளுன்னு நம்புறதுக்கு நடை ஒண்ணே போதும்.

ஃபிலிம் இந்தியா பத்திரிகை பாபுராவ் படேல் இவரை இந்தியாவோட பால் முனின்னு எழுதினாராம். பால் முனி ஹாலிவுட்ல ஒவ்வொரு படத்துக்கும் ஆளே மாறிப் போற நடிகர். எனக்கு அந்தப் பட்டம் இந்த டிஸ்க்கைப் பாத்தப்பதான் புரிஞ்சுது.

மீரா டிஸ்க்கும் எடுத்தேன், 1945, எல்லிஸ் ஆர்.டங்கன் எடுத்தது. எம்.எஸ். அம்மா பாட்டுக்காக எத்தனை தடவை கேட்டிருப்போம், காற்றினிலே வரும் கீதம் தெரியாத வீடு உண்டா. ஆனா அந்தம்மா கண்ணனைப் பாத்து உருகிப் பாடும்போது எதிர்ல நிக்குற ராணா ஒருத்தர் இருக்காரே, புருஷன், அவர் என்ன பண்ணுவாரு பாவம்? அந்த வேஷத்துல வில்லனா மாறிடறது ரொம்ப சுலபம். நாகையா அப்படி மாறாம நிக்குறாரு, கோவப்படுறாரு, ஆனா கோவத்துல பாசம் போகல. இந்த டிஸ்க் பிரிண்ட் நல்லா இருக்கு, வாங்கலாம்.

தியாகய்யா தெலுங்குங்கறதால நம்மாளுங்க எடுக்க மாட்டாங்க. எடுங்கய்யா. தியாகராஜர் கீர்த்தனைக்கு பாஷை தேவையா? கதை தெரிஞ்ச கதை. டைரக்‌ஷன், நடிப்பு, பாட்டு எல்லாம் அவரேதான். சங்கீதக்காரர் வேஷத்துல நடிகர் வாயசைக்குறது வேற, பாடத் தெரிஞ்சவர் தொண்டை நரம்பு புடைக்கப் பாடுறது வேற, இது ரெண்டாவது. கச்சேரி கேக்குற பழக்கம் இருக்குறவங்க ஹெட்போன் போட்டுக் கேளுங்க.

தட்டோட வலது பக்கம் போகப் போக வேஷம் சின்னதாகிட்டே வரும். சொந்தமாப் படம் எடுத்து காசு போச்சு, கையில இருந்ததை கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்துட்டாரு, கடைசியில கிடைச்ச வேஷத்துல எல்லாம் நடிச்சாரு, இது சினிமாக்காரங்க பல பேர் சொல்லிப் பதிவான விஷயம்தான். 1965ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. மெட்ராஸ் பனகல் பார்க் பக்கத்துல சிலை வச்சிருக்காங்க. ஆனா டைட்டில்ல பேரு கீழ போயிட்டே இருந்துச்சு.

நான் சொல்ல வர்றது இதுதான். அந்தச் சின்ன வேஷத்தை மட்டும் பாத்தவங்களுக்கு அவர் அழுவுற அப்பா. முன்னாடி இருக்குறதைப் பாத்துட்டு அங்க வந்தவங்களுக்கு அது வேற படம். பாவ மன்னிப்பு எடுத்துக்கோங்க, 1961, பீம்சிங். சிவாஜியை ரஹீமா வளக்குற முஸ்லிம் டாக்டர் இஸ்மாயிலா வருவாரு. எம்.ஆர்.ராதா ஒரு பக்கம் வெளுத்து வாங்குறாரு, சிவாஜி ஒரு பக்கம், சுப்பையா ஜேம்ஸா ஒரு பக்கம், இத்தனை பேர் நடுவுல இவர் குரலை ஏத்தவே மாட்டாரு. அசோகரா இருந்தப்ப இறக்கின அதே குரல்தான். அப்ப அது ஒரு ராஜாவோட தயக்கம், இங்க அது ஒரு நல்ல மனுஷனோட நிதானம். எங்க ஏரியாவுல ரம்ஜான் வந்தா இன்னைக்கும் அந்தப் படத்துல வர்ற எல்லோரும் கொண்டாடுவோம் பாட்டு எங்கயாவது ஸ்பீக்கர்ல ஓடும், எனக்கு இப்பல்லாம் பாட்டு கேட்டா சிவாஜி முகத்தோட சேந்து அந்த டாக்டர் முகமும் வருது. லவகுசாவுல வால்மீகி, 1963. 1966ல ஏவிஎம் ராமு படத்துல கண்ணன் வந்தான் பாட்டுக்கு வருவாரு. இதுல எனக்கு ஒரு வருத்தம், தன் பாட்டைத் தானே பாடிட்டிருந்த மனுஷன் அங்க வேறொருத்தர் குரலுக்கு வாயசைக்குறாரு. ஆனா கவனிச்சுப் பாருங்க, மூச்சு எடுக்குற இடம் ஒண்ணு கூடத் தப்பாது. பாடத் தெரிஞ்ச உடம்பு அது.

கடையோட குறை என்னன்னா, முதல்ல அந்தப் படி. கைப்பிடி ஒரு பக்கம்தான், அதுவும் ஆடுது, பழைய படம் தேடி வர்றதே வயசானவங்கதான், அவங்க எப்படி ஏறுவாங்க? மகன்கிட்ட சொல்லிட்டு வந்தேன், சரி பண்றேன்னாரு. வயசானவங்க கூட வந்தா அவங்களை கீழ பாத்திரக் கடையிலயே உக்கார வைங்க, ஸ்டூல் போடுவாங்க, பெரியவர் டிஸ்க்கை கூடையில வச்சு இறக்கிக் காட்டுவாரு. ரெண்டாவது, எந்தப் படம் இருக்கு எது இல்லன்னு ஃபோன்ல கேட்டா பதில் வராது, நேர்ல போயே ஆகணும். மத்தியானம் சாப்பாட்டுக்கு மூடிடுவாங்க, எத்தனை மணிக்குத் திறப்பாங்கங்கறது அவர் தூக்கத்தைப் பொறுத்தது. கார்டு கிடையாது, ஜிபே மகன் இருந்தாதான்.

நல்லது நிறைய. எந்த டிஸ்க் எடுத்தாலும் அங்கயே ஒரு சின்ன டிவில போட்டுக் காட்டாம குடுக்க மாட்டாரு. ஆரம்பம், நடு, கடைசி மூணு இடத்துல ஓட விட்டுப் பாப்பாரு. எனக்கு ஒரு டிஸ்க் வீட்டுக்கு வந்ததும் பாதியில நின்னுடுச்சு, எடுத்துட்டுப் போனேன், ஒரு வார்த்தை கேக்காம துணியால நடுவுல இருந்து ஓரத்துக்கு நேர்கோடாத் தொடச்சுப் போட்டுப் பாத்தாரு, அப்பவும் ஓடல, வேற டிஸ்க் குடுத்துட்டாரு. வட்டமாத் தொடச்சா கீறல் கூடிடும்னு சொன்னாரு, இதை எல்லாரும் ஞாபகம் வச்சுக்கோங்க. ஆன்லைன்ல ஒரு இடத்துல இதே மாதிரி ஒரு பழைய படம் வாங்கி நாலு பாட்டு இல்லாம வந்து, கேட்டதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லல, அந்த அனுபவத்துக்கு இது எவ்வளவோ மேல்.

காப்பி போட்ட டிஸ்க் இங்க கிடையாது. பென் டிரைவ்ல ஏத்திக் குடுங்கன்னு கேட்டவரை என் கண்ணு முன்னாடியே திருப்பி அனுப்பினாரு. படத்தை விக்கறவங்க இப்படி இருக்குறது எனக்குப் பிடிச்சிருந்துச்சு.

முதல் தடவை போறவங்க ஏழை படும் பாடு, அசோக் குமார், பாவ மன்னிப்பு மூணையும் சேத்து எடுங்க, அந்த வரிசையில இல்ல, வருஷ வரிசையில பாருங்க, அசோக் குமார்ல ஆரம்பிங்க. நாகையா முடிஞ்சதும் ரங்காராவ் தட்டுக்குப் போங்கன்னு பெரியவர் சொல்லியிருக்காரு, நான் இன்னும் போகல. 1953ல நாகையாவே எடுத்து நடிச்ச என் வீடு படத்துக்கு இன்னும் வெறும் கவர்தான் நிக்குது தட்டுல. யார் வீட்லயாவது அதோட நல்ல பிரிண்ட் டிஸ்க் இருந்தா கடையில வந்து சொல்லுங்க, காசு குடுத்து வாங்கிக்குவாரு, எனக்கும் ஒரு தடவை பாக்கணும்.